நொண்டிக்கொண்டே ஓடிய சின்னப் பழுப்புப் பறவை: என்ன இனம், அடிபட்டிருக்கிறதா?

பாம்பன்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பறவை பார்க்க ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு காலை ஏழு மணி வாக்கில் தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்தைத் தாண்டி, சாலையை விட்டு இறங்கி மணலில் நடந்துகொண்டிருந்தேன். மே மாத வெயில், அந்நேரத்துக்கே மணல் சுட ஆரம்பித்துவிட்டது. வலசை வந்த கூட்டமெல்லாம் கிளம்பிப் போயாச்சு, பார்க்க ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டே போனபோது காலடியிலிருந்து பத்தடி தள்ளி மணலே எழுந்து ஓடியது மாதிரி ஒரு குட்டிப் பறவை. சிட்டுக்குருவி அளவுதான், கால் மட்டும் கொஞ்சம் நீளம். மேலே காய்ந்த மணல் நிறம், அடியில் சுத்த வெள்ளை, கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை, மார்பின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கறுப்புத் திட்டு, ஆனால் இரண்டும் நடுவில் சேரவில்லை.

கொஞ்ச தூரம் ஓடியது, அப்புறம் ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, வாலை விரித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. நாய் ஏதோ கடித்துவிட்டது போல என்று பிடித்துக் காப்பாற்றலாம் என்று பின்னாலேயே போனேன். கிட்டே போகப் போகத் தள்ளித் தள்ளிப் போனது, சுமார் நூறு அடி என்னை அலையவிட்டது, கடைசியில் ஒன்றுமே நடக்காதது போலப் பறந்துபோய்விட்டது! படம் இரண்டு இணைத்திருக்கிறேன், இரண்டும் கொஞ்சம் மங்கல். என்ன பறவை, உண்மையிலேயே அடிபட்டதா, வனத்துறையிடம் சொல்ல வேண்டுமா?

தொலைநோக்கி எழுதியது:

அடிபடவில்லை தம்பி, நடித்தது. உங்களை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. நீங்கள் முதலில் நின்ற இடத்தில், அந்தப் பத்தடி வட்டத்துக்குள் எங்கோ முட்டையோ குஞ்சோ இருந்திருக்கும். உப்புக்கொத்தி என்கிற கரையோரச் சின்னப் பறவைகளின் பழைய வித்தை இது. நரி, நாய், மனிதன் யார் வந்தாலும் 'நான் சுலபமான இரை, என்னைப் பிடி' என்று காட்டி இழுத்துக்கொண்டு போகும், ஆபத்து போதுமான தூரம் போனதும் எழுந்து பறந்துவிடும். இன்னொரு வித்தையும் உண்டு, முட்டையே இல்லாத இடத்தில் போய் அடைகாப்பதுபோல உட்கார்ந்து காட்டும். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் மணல்.

அடுத்த முறை இப்படி நொண்டினால் பின்னால் போகாதீர்கள், அங்கேயே தேடவும் தேடாதீர்கள், கீழே பார்த்துக் காலை வைத்து வந்த வழியே திரும்பிவிடுங்கள். தாயோ தகப்பனோ எழுந்துபோன நேரத்தில் அந்த வெயிலில் முட்டை வெந்துபோக அதிக நேரம் ஆகாது.

இனத்துக்கு வருவோம். பட்டாணி உப்புக்கொத்தி என்றால் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும், மார்புப் பட்டை முழுதாகச் சுற்றியிருக்கும், அது இல்லை. மணல் உப்புக்கொத்தி, அதாவது மங்கோலியன் என்று சொல்லிவந்து இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டார்களே அது, அதற்குப் பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை கிடையாது. வெள்ளைக் கழுத்து, சேராத மார்புத் திட்டு, மே மாதம், தனுஷ்கோடி, அதோடு கூடு வேறு. சில வருடங்களுக்கு முன்னால் என்றால் கென்டிஷ் உப்புக்கொத்தி என்று எழுதி முடித்திருப்பேன். இப்போது என் ஓட்டு ஹனுமான் உப்புக்கொத்திக்கு.

உப்பளத்தான் எழுதியது:

ஆமாம், அதேதான். நான் பிழைப்புக்காக உப்பளத்தில் கிடப்பவன், இதுகளோடு பழக்கம் அதிகம். எங்கள் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சைஸில் கரையோரம் ஓடுவது எல்லாமே உள்ளான்தான், பெயரில் பெரிய அக்கறை கிடையாது. ஆனால் பாத்தி வரப்பில் இது உட்கார்ந்திருந்தால் அந்த வரப்பை விட்டு அடுத்த வரப்பில் நடப்பார்கள், யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல.

கூடு என்று சொல்வதே அதிகம். ஆண் பறவை நெஞ்சை மணலில் அழுத்திக் காலால் பின்னால் உதைத்து உதைத்து ஒரு கைப்பிடி அளவுக்குக் குழி பறிக்கும், ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் பல குழி, அதில் ஒன்றைப் பெண் தேர்ந்தெடுக்கும். சிப்பித் துண்டு, சின்னக் கல், காய்ந்த குச்சி என்று கிடைத்ததைப் பொறுக்கிப் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான் வீடு. முட்டை மணல் நிறம், மேலே பேனா மை சிந்திக் கிறுக்கினது போலக் கறுப்புக் கோடும் புள்ளியும். கூர் முனை கீழே இருக்கும்படி பாதியை மணலுக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கும். நான் ஒரு தடவை கூட்டைப் பார்த்துவிட்டு, செருப்பு அறுந்ததென்று குனிந்து சரி செய்து நிமிர்ந்தால், திரும்ப அந்த முட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. இரண்டடி தூரத்தில் இருந்ததை!

வெயில் பற்றித் தொலைநோக்கி சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். உச்சிவெயிலில் இது முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காருவதில்லை, சூடு படாமல் இருக்க நிற்கிறது. காலை நிமிர்த்தி, முட்டைக்கு மேலே குடை பிடித்தது போல, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. பொறுக்க முடியாமல் போனால் ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை முக்கிக்கொண்டு வந்து அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நானே பார்த்திருக்கிறேன், வயிற்று இறகு கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு சொட்டச் சொட்ட வரும்.

நெய்தல்நடை எழுதியது:

எல்லோரும் கொஞ்சம் நிதானம். 'ஹனுமான்' என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்குத் தெரிவது ஒரு கென்டிஷ். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, இதை வைத்துக்கொண்டு புது இனம் என்று பட்டியலில் ஒரு எண்ணிக்கை கூட்டிக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. எனக்கும் ஆசைதான், அதனால்தான் சந்தேகப்படுகிறேன். அப்புறம் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

தொலைநோக்கி எழுதியது:

நியாயமான கேள்வி, நானும் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கென்டிஷ் என்ற பெயரே ஒரு கூத்து. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758இல் எகிப்தின் அலெக்ஸாந்திரியா ஊர்ப் பெயரை வைத்து அலெக்ஸாண்ட்ரினஸ் என்றார். பிறகு இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் கிடைத்த பறவையை வைத்து ஆங்கிலப் பெயர் கென்டிஷ் ஆனது, இன்றைக்கு அந்தக் கென்ட்டில் அது கூடு கட்டுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஐரோப்பாவிலிருந்து சீனா வரை, அமெரிக்காவிலும் சேர்த்து, எல்லாம் ஒரே இனம் என்று வெகுநாள் வைத்திருந்தார்கள். அமெரிக்கப் பறவையை 2011இல் தனி இனமாகப் பிரித்தார்கள். சீனக் கடற்கரையில் முகம் வெளுத்த ஒன்று இருந்தது, அதுவும் பிரிந்தது. நம் இலங்கை, தென்னிந்தியப் பறவைக்கு 1915இலேயே ஹார்ட்டெர்ட்டும் ஜாக்சனும் சீபோமி என்று துணையினப் பெயர் வைத்திருந்தார்கள், உப்புக்கொத்திக் குடும்பத்தைப் பற்றி எழுதிய ஹென்றி சீபோம் நினைவாக. நூறு வருடத்துக்கும் மேல் அது துணையினமாகவே, யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது.

2023இல்தான் 'ஐபிஸ்' ஆய்விதழில் அந்த ஆய்வு வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று, சீன, பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கென்டிஷிலிருந்து இது கிளை பிரிந்து ஏறத்தாழ 12 லட்சம் ஆண்டு ஆகிறது என்று கணக்கு வந்தது. ராமர் பாலத்தின் இரண்டு கரையிலும் வாழ்கிறதே என்று அந்தப் பாலக் கதையை வைத்து ஹனுமான் என்றார்கள். அறிவியல் பெயரில் சீபோமி அப்படியே இருக்கிறது. இதற்கிடையில் பேரினத்தையும் சாரட்ரியஸிலிருந்து அனரிங்கஸுக்கு மாற்றிவிட்டார்கள், பழைய கையேடு வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

இப்போது படத்துக்கு வருவோம். ஹனுமான் அளவில் சிறியது, இறக்கையும் குட்டை. கென்டிஷ் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலை உச்சியிலும் பிடரியிலும் நல்ல செம்பழுப்பு ஏறும், இங்கே அது அநேகமாக இருக்காது. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கென்டிஷ் ஆணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு உண்டு, இதற்கு அந்த இடம் பெரும்பாலும் வெள்ளையாகவே விட்டுப்போயிருக்கும். பாம்பன்காற்று அனுப்பிய இரண்டாவது படத்தில் பறவை முகத்தைத் திருப்பியிருக்கிறது பாருங்கள், அந்த இடம் வெள்ளைதான்.

ஆனால் உண்மையைச் சொன்னால் என் முடிவுக்கு முகம் இரண்டாவது காரணம். முதல் காரணம் நாட்காட்டி. வலசை வரும் கென்டிஷ் குளிர்காலத்தில் இங்கே வந்து, வெயில் ஏறுவதற்குள் வடக்கே போய்க் கூடு கட்டும். மே மாதத்தில் தனுஷ்கோடி மணலில் முட்டையைக் காப்பாற்ற நொண்டி நடிக்கிறது என்றால் அது இந்த ஊர்க்காரன். டிசம்பரில் இதே படத்தை அனுப்பியிருந்தால் நெய்தல்நடை பக்கம்தான் நின்றிருப்பேன், அப்போது இரண்டும் ஒரே கரையில் கலந்து மேயும், இறகும் மங்கியிருக்கும், ஒற்றைப் படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

நெய்தல்நடை எழுதியது:

நாட்காட்டி வாதம் செல்லும், ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர்ப் படத்தோடு வருகிறவர்களிடம் சண்டையைத் தொடர்கிறேன்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. நாமெல்லாம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை கேமராவைத் தூக்கிக்கொண்டு கோடியக்கரை, பழவேற்காடு, தனுஷ்கோடி என்று பூநாரைக்கும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் பின்னால் ஓடுகிறோம், கோடை வந்ததும் மலைக்குப் போய்விடுகிறோம். சொந்த ஊரில் குடும்பம் நடத்துகிறவன் குடும்பம் நடத்துவது சரியாக அந்தக் கோடையில்தான். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524 ஹெக்டேருக்கும் மேல் சரணாலயம் அறிவித்தார்கள், பெயர் என்னவோ பெரும் பூநாரைக்கு. சரி, பூநாரை பெயரில் உப்புக்கொத்திக்கும் இடம் கிடைத்தால் நல்லதுதான்.

மன்னார்க்கரை எழுதியது:

வணக்கம். நான் அந்தப் பாலத்தின்ட மற்றப் பக்கம், மன்னார். எங்கட தீவிலயும் இதே குருவிதான். வங்காலைப் பக்கம் ஈரமணலில் இது மேயிறதை ஒருக்கா பொறுமையா இருந்து பாருங்கோ. நாலைந்து எட்டு வேகமா ஓடும், டக்கென்று நிற்கும், ஒரு கொத்து, திரும்ப ஓட்டம். உள்ளான் மாதிரி அலகைச் சேற்றுக்குள்ள விட்டுத் துழாவுறது இல்லை, கண்ணால கண்டுதான் பிடிக்கும், அதனாலதான் தலைக்குப் பொருத்தமில்லாத அந்தப் பெரிய கண். இரவிலயும் மேயும். சின்ன ஈ, புழு, நண்டுக்குஞ்சு, இவ்வளவுதான் சாப்பாடு.

காற்றுக் கடுமையா அடிக்கிற நேரம் வெட்டவெளியில் நிற்காது. மாட்டுக் குளம்படி, ஆட்கள் நடந்த அடி, வாகனம் போன தடம், எந்தப் பள்ளம் கிடைச்சாலும் அதுக்குள்ள போய்ப் பதுங்கி இருக்கும், தலை மட்டும் தெரியும். இதைச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் ஒருத்தர் கடற்கரையில் வாகனத்தைத் தன்ட பழைய தடத்திலயே திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தவர், புது மணலைக் கெடுக்கக் கூடாதென்ற நல்ல எண்ணத்தில். தடத்துக்குள்ள இரண்டு குஞ்சு இருந்தது. அதுகள் பயந்தால் ஓடாது, அப்படியே தரையோட தரையா ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை எழுத விருப்பமில்லை.

பாம்பன்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மன்னார்க்கரை அண்ணா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

நேற்று மறுபடி போனேன், ஆனால் சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தபடியே பைனாகுலரில் பார்த்தேன். கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காய்ந்த அடம்பங்கொடிக்குப் பக்கத்தில் 'கல்' ஒன்று தலையைத் திருப்பியது. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது! பதினோரு மணி வாக்கில் இன்னொன்று ஓடி வந்தது, உட்கார்ந்திருந்தது எழுந்து போனது, வந்தது உட்கார்ந்தது, மொத்தமும் பத்து விநாடி. உப்பளத்தான் அண்ணா, வந்ததின் வயிறு நனைந்திருந்தது, நீங்கள் சொன்ன அதே கொத்துக் கொத்தாக!

ஒரு சந்தேகம். சுற்றி நாலு கல் வைத்து அடையாளம் செய்தால் வருகிறவர்கள் மிதிக்காமல் போவார்களா? காக்கையும் நிறையச் சுற்றுகிறது.

உப்பளத்தான் எழுதியது:

வேண்டாம், கல் வைக்காதீர்கள். மனிதனுக்குப் புரிவதற்கு முன்னால் காக்கைக்குப் புரிந்துவிடும். உங்கள் காலடித் தடம்கூடக் கூடு வரை போய் அங்கேயே திரும்பியிருந்தால் நாய்க்கு அது விலாசம். தூரத்தில் நின்று பாருங்கள், சாப்பாட்டுப் பொட்டலம், மீன் கழிவு எதுவும் அந்தப் பக்கம் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காக்கையும் நாயும் வருவதே அதற்குத்தான். யாராவது முட்டையைக் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தால், 1972 வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக் கணக்கில்தான் வரும் என்று நிதானமாகச் சொல்லுங்கள். சட்டம் என்ற வார்த்தைக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

பாம்பன்காற்று எழுதியது (19 நாள் கழித்து):

இன்று காலை கூடு காலி. ஒன்றுமே இல்லை. காக்கை தின்றுவிட்டதா? ராத்திரி நாய் வந்ததா? யாராவது இருக்கிறீர்களா?

தொலைநோக்கி எழுதியது:

பதறாதீர்கள். ஏறத்தாழ 25 நாள் அடைகாக்கும், உங்கள் கணக்குப்படி நேரம் சரியாகத்தான் இருக்கிறது. முட்டையோட்டின் பெரிய துண்டுகளைப் பறவையே தூக்கிப்போய்த் தூரப் போட்டுவிடும், எதிரி கண்ணில் படாமல் இருக்க. ஆனால் பொரிந்த கூட்டின் குழியில், சிப்பித் துண்டுகளுக்கு அடியில், ஊசிமுனை அளவுக்கு ஓட்டுச் சில்லுகள் தங்கியிருக்கும். திருடு போன கூட்டில் அது இருக்காது, இருந்தாலும் மஞ்சள் கரு ஒட்டிய பிசுக்கு தெரியும். கூடு காலிதானே, இனி கிட்டே போகலாம். ஆனால் குஞ்சுகள் பக்கத்திலேயே பதுங்கியிருக்கக்கூடும், கீழே பார்த்துக் காலை வையுங்கள்.

இறகு உலர்ந்ததும் நடக்க ஆரம்பித்துவிடும், கூட்டில் உட்கார வைத்து ஊட்டும் வேலை கிடையாது. சாப்பாட்டைத் தானே பொறுக்கிக்கொள்ளும். பெரியது செய்வது காவலும், குளிருக்கும் வெயிலுக்கும் இறக்கைக்கடியில் இடம் கொடுப்பதும்தான். பறக்க ஒரு மாதம் ஆகும். கென்டிஷில் குஞ்சு வெளிவந்த கொஞ்ச நாளில் பெண் பல நேரம் வேறு ஜோடி தேடிக் கிளம்பிவிடும், குஞ்சுகளை வளர்ப்பது தகப்பன். அதனால் ஒரு பெரிய பறவை மட்டும் தெரிந்தால், இன்னொன்று செத்துப்போய்விட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

பாம்பன்காற்று எழுதியது:

சில்லு இருந்தது! நகத்தைக் கிள்ளிப்போட்டது போல ஐந்தாறு, பிசுக்கு இல்லை.

அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பும்போது பின்னால் அந்தச் சன்னக் குரல், அதே இறக்கை இழுப்பு. மார்புத் திட்டு நல்ல கறுப்பு, நெற்றிக்கு மேலேயும் ஒரு கறுப்புக் கீற்று, ஆணாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தடவை பின்னால் போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்று கீழே தேடினேன். நான் வரும்போது பதித்த காலடித் தடம், மூன்று தடம் தள்ளி, குதிகால் பள்ளத்துக்குள் பஞ்சில் மிளகைத் தூவினது போல ஒன்று அப்பிக்கொண்டு கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை, தேடவும் இல்லை. தடத்தை விட்டு விலகி, சுற்றி, ஈரமணல் வழியாகவே சாலைக்கு வந்து சேர்ந்தேன். படம் எடுக்கவில்லை, மன்னிக்கவும்.